மூன்று வாக்குகள் ஒன்றான கதை: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரும் உள்ளாட்சியும்

1950களின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த, குடியுரிமை பெற்ற ஒரு தமிழருக்கு மூன்று வாக்குகள் இருந்தன. ஒன்று கோலாலம்பூர் நகராண்மைக் கழகத்துக்கு, ஒன்று சிலாங்கூர் சட்டமன்றத்துக்கு, இன்னொன்று நாடாளுமன்றத்துக்கு. இன்று அதே தெருவில் வசிக்கும் அவருடைய பேரனுக்கு இருப்பது ஒரே வாக்கு, நாடாளுமன்ற வாக்கு மட்டும். நகராண்மைக் கழகம் 1961-இல் போனது. 1974-இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானபோது சட்டமன்ற வாக்கும் போனது. ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனால் அங்கிருக்கும் தமிழருக்கு இரண்டு வாக்குகள் உண்டு. ஆனால் அவராலும் தம் மாநகராட்சி உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

மலேசியத் தமிழர் அரசியலைப் பற்றி எழுதுவோர் அமைச்சர் பதவி எத்தனை, நாடாளுமன்றத் தொகுதி எத்தனை என்று கணக்குப் பார்ப்பது வழக்கம். ஆனால் குப்பை அள்ளுவது, லோங்காங் எனப்படும் சாக்கடையின் துப்புரவு, தெருவிளக்கு, பூக்கடை லைசென்ஸ், பக்கத்துக் காலி நிலத்தில் நாற்பது மாடி கட்ட அனுமதி, கோயிலை இடிக்க வரும் புல்டோசர் ஆகியவற்றையெல்லாம் தீர்மானிப்பது அமைச்சரவை அல்ல, ஊராட்சி மன்றம். அந்த அதிகாரத்தில் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் எந்தக் காலத்தில் எவ்வளவு பங்கு பெற்றிருந்தனர், அது எப்படிக் கைநழுவியது, இனி என்ன வழி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வாக்குப்பெட்டி இருந்த காலம்

மலாயாவின் முதல் தேர்தல் நாடாளுமன்றத் தேர்தல் அல்ல. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனிலும் 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நடந்த நகராண்மைக் கழகத் தேர்தல்களில்தான் இந்நாட்டு மக்கள் வாக்களிக்கப் பழகினர். கோலாலம்பூரின் 12 இடங்களில் 9 இடங்களை மலாய்க்காரரின் அம்னோவும் சீனரின் மசீசவும் அமைத்த கூட்டு வென்றது. பிற்காலக் கூட்டணி ஆட்சிக்கு வித்து விழுந்தது அந்தத் தேர்தலில்தான். இந்தியரின் கட்சியான மஇகா அப்போது டத்தோ ஓன் தலைமையிலான மலாயா சுதந்திரக் கட்சியின் பக்கம் நின்று தோற்றது. 1954-இல்தான் அது கூட்டணிக்குள் வந்தது.

1951 முதல் 1965 வரையிலான தேர்தல் காலத்தில் தமிழருக்கு என்ன கிடைத்தது? 1957-இல் ஜார்ஜ்டவுன் மாநகராட்சியின் முதல் மேயராக வந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன். பினாங்கில் அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. ஈப்போவில் மக்கள் முற்போக்குக் கட்சியை நடத்தி நகராட்சியைக் கையில் வைத்திருந்தவர்கள் சீனிவாசகம் சகோதரர்கள், இலங்கைத் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளைகள். இரண்டும் சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரங்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தேர்தல் வந்தால் சிறுபான்மைக்கு இடமே கிடைக்காது என்ற இன்றைய வாதத்தை எடைபோடும்போது இது தேவைப்படும்.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. நிலைமை சீரானதும் திரும்ப நடத்துவோம் என்பதே அப்போது தரப்பட்ட உறுதி. அதே ஆண்டு ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் ஒரு தமிழர், மஇகாவைச் சேர்ந்த செனட்டர் ஆதி நாகப்பன். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகியின் கணவர் என்றால் பலருக்கும் தெரியும். தீபகற்பம் முழுவதும் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகளை ஆராய்ந்த ஆணையம், அவற்றில் ஊழலும் திறமைக்குறைவும் இருந்ததை மறைக்கவில்லை. ஆனாலும் தேர்தலைக் கைவிடக் கூடாது, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே திரும்ப வரவேண்டும் என்று பரிந்துரைத்தது.

அரசு அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், 171-ஆம் சட்டம், தேர்தலுக்கான ஏற்பாடுகளை 15-ஆம் பிரிவால் செல்லாக்காசாக்கியது. 10-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மன்றத்திலும் எட்டுக்குக் குறையாமலும் 24-க்கு மிகாமலும் உறுப்பினர்கள் இருப்பார்கள். அவர்களை நியமிப்பது மாநில அரசு. கோலாலம்பூருக்கு அந்த நியமன உறுப்பினர்கூடக் கிடையாது. 1960-ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டம் அந்நகரை ஒரே அதிகாரியிடம் ஒப்படைத்தது. இன்று அந்தப் பதவியின் பெயர் டத்தோ பண்டார். ஆலோசனை வாரியம் ஒன்று உண்டு, ஆனால் அதற்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே.

தோட்டம் என்னும் தனி நாடு

வாக்குப்பெட்டி இருந்த அந்த ஆண்டுகளிலும் பெரும்பாலான தமிழருக்கு அது எட்டவில்லை. அவர்கள் நகரத்தில் இல்லை, தோட்டத்தில் இருந்தார்கள். காப்பார், பந்திங், கோலசிலாங்கூர் வட்டாரங்களில் விரிந்திருந்த ரப்பர்த் தோட்டங்கள் கம்பெனிகளின் சொந்த நிலம். தண்ணீர், சாலை, மருந்தகம், பள்ளிக்கூடம், லயம் எல்லாமே தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில் சீனர்களைக் குடியமர்த்திய புதுக்கிராமங்களுக்கு 1952 முதல் உள்ளூர் மன்றங்கள் கிடைத்தன. மலாய்க் கம்போங்குகளுக்குப் பெங்ஹுலுவும் பின்னாளில் கிராம மேம்பாட்டுக் குழுவும் இருந்தன. தோட்டத்துக்குப் பெரிய துரை இருந்தார்.

ஆனாலும் தோட்டத்துக்குள் ஒருவகை ஊர் நிர்வாகம் நடந்தே வந்தது. கோயில் திருவிழா, கணவன் மனைவி சண்டை, கள்ளுக்கடைத் தகராறு, சீட்டுப் பணப் பிரச்சினை ஆகியவற்றை விசாரிக்கப் பஞ்சாயத்து கூடியது. அபராதத் தொகை பல இடங்களில் கோயில் கணக்கில் சேர்ந்தது. இந்திய மானிடவியலாளர் ரவீந்திர ஜெயின் 1960களின் தொடக்கத்தில் ஒரு மலாயாத் தோட்டத்தில் தங்கி ஆராய்ந்து 1970-இல் வெளியிட்ட நூல், கங்காணியின் கையிலிருந்த ஊர்த் தலைமை தொழிற்சங்கத்தின் பக்கம் நகர்ந்ததை விரிவாகக் காட்டுகிறது. பஞ்சாயத்தை இன்று பொன்னுலகமாக வருணிக்கத் தேவையில்லை. அதில் பெண்கள் பேசியது குறைவு, சாதி பேசியது அதிகம். கங்காணியும் மண்டோரும் சொன்னதே பல இடங்களில் தீர்ப்பானது.

இருந்தும், கூடிப் பேசும் அந்தப் பழக்கம் ஒருமுறை கிள்ளான் மாவட்டத்தையே உலுக்கியது. 1941-இல் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதனும் அவர் தோழர்களும் தோட்டம் தோட்டமாகத் தொழிலாளரைத் திரட்டினார்கள். கோரிக்கைப் பட்டியலில் சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் இருந்தது. அதோடு கள்ளுக்கடையை மூடு, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக விடு, பிள்ளைகளுக்குக் கல்வி கொடு, முறையான மருத்துவ வசதி செய், பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்து, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற விதியை எடு, பேசவும் கூடவும் உரிமை கொடு என்பவையும் இருந்தன. சம்பளத்தை நீக்கிவிட்டு இந்தப் பட்டியலைப் படித்தால் அது ஓர் ஊர் தன் நிர்வாகத்திடம் கேட்கும் பட்டியலாகத் தெரியும். மே மாதம் நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

தோட்டம் தனியார் நிலம், ஆகவே ஊராட்சிப் பணம் அங்கே நுழையாது என்ற இந்த ஏற்பாடு மலேசியாவுக்கு மட்டும் உரியதல்ல. இலங்கை மலையகத்திலும் இதே கதைதான். 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடச் சபைகளுக்குத் தடையாக இருந்தது. சபைக்கு வாக்களித்த மலையகத் தமிழருக்குச் சபையின் தார்ச்சாலை தோட்ட எல்லையோடு நின்றது. 2018-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அங்கே வாக்கு இருந்தும் சேவை இல்லை. இங்கே தோட்டத் தமிழருக்குச் சேவையும் இல்லை, வாக்கும் இல்லை.

புல்டோசர் வடிவில் வந்த ஊராட்சி

காலப்போக்கில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, பின்னர் வீடமைப்பு நிறுவனங்களின் கைக்குப் போயின. வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்த குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா, செந்தூல், கெப்போங் பக்கம் நகர்ந்து புறம்போக்கில் பலகை வீடு கட்டின. தோட்டத்தில் துரையைத் தவிர யாரையும் அறியாதவர்கள் முதல்முறையாக ஊராட்சி மன்றத்தைச் சந்தித்தது இங்கேதான். அது சேவை செய்ய வரவில்லை, இடிக்க வந்தது. பலகை வீட்டைத் தொடர்ந்து, தோட்டத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த மாரியம்மனும் முனீஸ்வரரும் அதே நோட்டீசைப் பெற்றார்கள்.

2007 அக்டோபர் 30, தீபாவளிக்குச் சில நாள் முன்பு, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் கம்போங் ரீம்பா ஜெயாவின் மகா மாரியம்மன் கோயிலை மாநகராட்சி இடித்தது. நவம்பர் 25-ஆம் தேதி இந்து உரிமை அமைப்பான ஹிண்ட்ராஃபின் அழைப்பில் பல்லாயிரவர் கோலாலம்பூரில் திரண்டார்கள். அடுத்த மார்ச்சில் சிலாங்கூர் ஆட்சியே மாறியது. இடிக்கும் முடிவை எடுத்தவர்களில் ஒருவர்கூட வாக்காளரைச் சந்திக்க வேண்டிய நிலையில் இல்லை. மக்களின் கோபம் அவர்களைத் தாண்டி மாநில அரசையும் மத்திய அரசையும் தாக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிலாங்கூரின் இடைவழி

2008-இல் பதவிக்கு வந்த சிலாங்கூர் அரசு இரண்டு திசையில் முயன்றது. முதலாவது, தேர்தலை மீட்பது. சிலாங்கூரும் பினாங்கும் 2010-இல் தேர்தல் ஆணையத்துக்கு எழுதிக் கேட்டன, ஆணையம் மறுத்தது. பினாங்கு 2012-இல் தனிச்சட்டமே இயற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது. 2018-இல் நம்பிக்கைக் கூட்டணி மத்தியில் ஆட்சிக்கு வந்தபோது, மூன்று ஆண்டுகளுக்குள் ஊராட்சித் தேர்தல் வரலாம் என்று துறை அமைச்சர் சொன்னார். இனப் பிளவை அது வளர்க்கும் என்று பிரதமர் மகாதீர் அந்த ஆண்டு டிசம்பரிலேயே மறுத்துவிட்டார்.

இரண்டாவது திசை நியமனத்தைச் சீர்படுத்துவது. ஊராட்சி எல்லை வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கவுன்சிலர் பொறுப்பானார். அவர் தலைமையில் குடியிருப்பாளர் குழு அமைந்தது. கட்சிக்காரர்களோடு பொது அமைப்புகளிலிருந்தும் சிலர் நியமனம் பெற்றனர். இஸ்லாம் அல்லாத வழிபாட்டுத் தலங்களின் பிரச்சினையைப் பேசி முடிக்க லிமாஸ் என்ற சிறப்புக் குழு வந்தது. 2011-இல் தகவல் உரிமைக்கான மாநிலச் சட்டமும் வந்தது. தமிழருக்கு நேரடியாகத் தொடர்புடைய ஏற்பாடு, இந்திய கிராமத் தலைவர் என்று தொடங்கி இன்று இந்திய சமூகத் தலைவர் என்றழைக்கப்படும் பதவி. மலாய்க் கிராமத் தலைவருக்கும் சீனப் புதுக்கிராமத் தலைவருக்கும் இணையாக, மாநில அரசின் அலவன்சோடு, தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளில் வாழும் இந்தியரின் குறைகளை அரசிடம் கொண்டுபோகும் ஆள்.

இந்த ஏற்பாட்டைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை, நலத்துறை உதவிக்கு மனு எழுதத் தெரியாத மூதாட்டி, வெள்ளத்தில் படுக்கையை இழந்த குடும்பம் என்று யாரைப் போய்ப் பார்ப்பது என்று தெரியாதவர்களுக்கு ஒரு முகவரி கிடைத்தது. கிள்ளானில் ஒரு தாமானின் லோங்காங் அடைத்துக்கொண்டால் நடப்பதைப் பாருங்கள். குடியிருப்பவர் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சமூகத் தலைவருக்கு அனுப்புகிறார். அவர் வட்டாரக் கவுன்சிலருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கும் அனுப்புகிறார். கவுன்சிலர் மாநகராட்சியின் பொறியியல் பிரிவில் சொல்கிறார். நல்ல கவுன்சிலராக இருந்தால் ஒரு வாரத்தில் லாரி வரும்.

லாரி வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு இந்த அமைப்பில் விடையில்லை. கவுன்சிலரை நியமித்தது கட்சி, நீக்கக்கூடியதும் கட்சி. அடுத்த நியமனத்தில் அவர் பெயர் இருக்குமா என்பதை அந்தத் தாமான் மக்கள் தீர்மானிப்பதில்லை. இந்திய சமூகத் தலைவரின் நிலை இன்னும் பலவீனமானது. அவருக்கு வரவு செலவுத் திட்டம் இல்லை, மன்றத்தில் வாக்கு இல்லை, ஆட்சி மாறினால் பதவி இல்லை. அவர் மனுவைச் சுமந்து போகலாம். மனுவின் மேல் முடிவெடுக்க முடியாது. உறுப்பினர் நியமனத்தில் கட்சிகளுக்கு இத்தனை இடம் என்று பங்கு பிரிக்கும்போது, தமிழ்ப் பெயருடைய நால்வர் பட்டியலில் வந்ததே சாதனை என்று நாமும் கைதட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

கோலாலம்பூர்: மனு மட்டுமே மீதம்

தலைநகரில் இந்த இடைவழிகூட முழுமையாக இல்லை. நாடாளுமன்றத் தொகுதிகளை ஒட்டி 11 வட்டாரங்களுக்குக் குடியிருப்பாளர் பிரதிநிதித்துவ மன்றங்களை மாநகராட்சி வைத்திருக்கிறது. அவையும் நியமன அமைப்புகளே. தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் மாநகராட்சி நிர்வாகத்தில் வாக்கு கிடையாது.

பிரிக்பீல்ட்ஸின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2010 அக்டோபர் 27-ஆம் தேதி, இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் பிரதமர் நஜிப்பும் சேர்ந்து அங்கே லிட்டில் இந்தியாவைத் தொடங்கிவைத்தார்கள். துன் சம்பந்தன் சாலைக்குத் தோரணவாயிலும் வண்ணமும் வந்தன. ஒரு வட்டாரத்தின் முகமே மாறியது. அந்த மாற்றத்தை வாக்கெடுத்துத் தீர்மானித்த மன்றம் எதுவும் இல்லை. 2014-இல் விவேகானந்தா ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வெளியே தெரிந்தபோது, எதிர்த்தவர்கள் போய் நிற்க ஒரு கவுன்சிலர் இல்லை. கையெழுத்துத் திரட்டினார்கள், கூட்டம் போட்டார்கள், அமைச்சரின் கதவைத் தட்டினார்கள். 2016-இல் மரபுடைமை அங்கீகாரம் கிடைத்து, நூறாண்டைத் தாண்டிய கட்டடம் தப்பியது. எல்லா இடத்திலும் இப்படி முடிவதில்லை. மஸ்ஜிட் இந்தியா பகுதியில் பழமையான பத்ரகாளியம்மன் கோயில் நின்ற நிலத்தை மாநகராட்சி 2014-இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றிருந்தது. 2025-இல் நாடே அதைப்பற்றிப் பேசியபோது விற்பனை முடிந்து பத்தாண்டுக்கு மேலாகியிருந்தது. கோயிலை அருகிலேயே வேறிடத்துக்கு மாற்றும் உடன்பாடே இறுதியில் எட்டப்பட்டது.

இந்த நகரின் ஊராட்சிச் சிக்கலை ஒரே இடத்தில் பார்க்கவேண்டுமானால் புக்கிட் கியாராவுக்குப் போகவேண்டும். அங்கிருந்த ரப்பர்த் தோட்டத்தை அரசு கையகப்படுத்தியதும், தொழிலாளர் குடும்பங்கள் 1980களின் தொடக்கத்தில் நீள்வீடுகளில் தங்கவைக்கப்பட்டன. தற்காலிகம் என்றார்கள். பலகையும் தகரமுமான அந்த வரிசை வீடுகளில் மூன்றாம் தலைமுறை பிறந்துவிட்டது. சுற்றிலும் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலின் வசதியான வீடுகளும் அடுக்குமாடிகளும் எழுந்தன. பின்னர் பக்கத்திலுள்ள தாமான் ரீம்பா கியாரா பூங்கா நிலத்தில் வானளாவிய குடியிருப்புத் திட்டத்துக்கு மாநகராட்சி அனுமதி தந்தது. நீள்வீட்டு மக்களுக்கு நிரந்தர வீடு கட்டித்தருவதும் அதில் ஒரு பகுதி. பூங்காவைக் காக்க, சுற்றியுள்ள அடுக்குமாடி நிர்வாகக் கழகங்களும் குடியிருப்போர் சங்கமும் வழக்குத் தொடுத்தன. 2018-இல் தோற்றார்கள், 2021-இல் மேல்முறையீட்டில் வென்றார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அனுமதியை ரத்துசெய்ததை உறுதிப்படுத்தியது. டத்தோ பண்டாரின் நலன்கள் முரண்பட்டிருந்ததும் அத்தீர்ப்பில் பேசப்பட்டது.

இது குடிமக்களின் பெரிய வெற்றிதான். ஆனால் நீள்வீட்டுத் தமிழர் அந்த வெற்றிநாளிலும் வீட்டுக்காகக் காத்திருப்போராகவே இருந்தார்கள். பூங்கா வேண்டும் என்பவரும் வீடு வேண்டும் என்பவரும் ஒரே வட்டாரத்தின் வாக்காளர்கள். இருவரும் தேர்ந்தெடுத்த ஒரு மன்றம் இருந்திருந்தால், வேறு நிலத்தைத் தேடு, வீட்டை முதலில் கட்டு என்று ஆண்டுக்கணக்கில் அங்கே வாதாடியிருக்க முடியும். அப்படி ஓரிடம் இல்லாததால் அண்டை வீட்டார் எதிரெதிர்த் தரப்பாகத் தெரிந்தார்கள், முடிவு வழக்குமன்றத்துக்குப் போனது.

வெளியே இரண்டு பாடங்கள்

அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் பரந்திருக்கும் நவஹோ பழங்குடி நாட்டில் உள்ளூர் ஆட்சி 110 சாப்டர்களால் நடக்கிறது. 1927-இல் ஜான் ஹன்டர் என்ற அரசு அதிகாரி, ஆடு மாடு வளர்ப்பைப் பற்றியும் ஊர்ப் பிரச்சினைகளைப் பற்றியும் பேச மக்களைக் கூட்டியதில் பிறந்த அமைப்பு அது. 1930களில் ஆடுகளைக் குறைக்கும்படி மத்திய அரசு வற்புறுத்தியபோது, சாப்டர் கூட்டங்கள் எதிர்ப்புக் களமாயின. அரசு தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. மக்கள் கூடுவதை விடவில்லை. 1950களில் பழங்குடி மன்றம் சாப்டர்களை முறைப்படி ஏற்றது. 1998-இன் உள்ளாட்சிச் சட்டம் இன்னும் ஒரு படி போனது. கணக்கு, கொள்முதல், பணியாளர், சொத்து, ஆவணம் ஆகிய ஐந்தையும் ஒழுங்காக நிர்வகிக்கும் முறையை ஒரு சாப்டர் உருவாக்கிக் காட்டினால், நிலப் பயன்பாடு, ஒப்பந்தம் போன்றவற்றில் தலைநகரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் தானே முடிவெடுக்கலாம். பதிவுபெற்ற உறுப்பினர் நேரில் வந்து கைதூக்கி வாக்களிக்கிறார்.

அங்கும் குறை உண்டு. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்தும் பல சாப்டர்கள் அந்தத் தகுதியை எட்டவில்லை. கணக்கெழுதத் தெரிந்த ஆள் கிடைப்பது கடினம், கோரம் சேர்ப்பதும் கடினம். ஆனாலும் அதிகாரத்தை மறுப்பதற்குத் திறமைக்குறைவைச் சாக்காகச் சொல்லாமல், திறமையை வளர்த்து அதிகாரத்தைப் பெற்றுக்கொள் என்று சொன்ன சட்டம் அது. ஆதி நாகப்பன் ஆணையம் ஊழலைக் கண்டும் தேர்தலைக் கைவிடாதே என்று சொன்னதன் உட்பொருளும் இதுவே.

தமிழ்நாட்டில் 73-ஆம் அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின் 1994-இல் வந்த ஊராட்சிச் சட்டம் கிராம சபையைக் கட்டாயமாக்கியது. இப்போது குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள், நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறுமுறை கூடவேண்டும். கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு கலைந்துபோகும் கிராம சபைகள் ஏராளம். அதே சபைத் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு மதுக்கடையையும் சுரங்கத் திட்டத்தையும் எதிர்த்து நின்ற ஊர்களும் உண்டு. மக்களுக்கு அந்தத் தீர்மானம் ஒரு கருவி, பயன்படுத்துவதும் விடுவதும் அவர்கள் பாடு. நம்மிடம் அந்தக் கருவி இல்லை.

எதிர்வாதங்கள்

ஊராட்சித் தேர்தல் வேண்டாம் என்போர் மூன்று காரணம் சொல்கிறார்கள். முதலாவது செலவு. மதிப்பீட்டு வரியை, வீட்டில் சுக்காய் பிந்து என்று சொல்வதை, ஆண்டுக்கு இருமுறை கட்டுகிற மக்களிடம் வாக்களிக்கச் செலவாகும் என்று சொல்வது வலுவான வாதமல்ல. பொதுத்தேர்தலோடு சேர்த்தே நடத்தலாம்.

இரண்டாவது இன மோதல். நகரங்களில் சீனர் ஆதிக்கம் வரும், 1969 மே 13 இனக்கலவரம் திரும்பும் என்ற எச்சரிக்கை அவ்வப்போது கேட்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் மக்கள்தொகை 1960களில் இருந்ததுபோல் இன்று இல்லை. ஷா ஆலமும் பண்டார் துன் ரசாக்கும் மலாய்க்காரர் திரளாக வாழும் நகரப் பகுதிகள். ஒரு தாமானில் குப்பை லாரி வராவிட்டால் மூன்று இனமும் ஒரே மூக்கைத்தான் பிடித்துக்கொள்கின்றன.

மூன்றாவது வாதம் நம்மவரிடமிருந்தே வருகிறது, அதுவே கவனத்துக்குரியது. 2020 கணக்கெடுப்பின்படி குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. சிலாங்கூரில் விகிதம் அதைவிட அதிகம் என்றாலும், வட்டாரம் வட்டாரமாகப் பிரித்தால் தமிழர் தனிப் பெரும்பான்மையாக இருக்கும் இடம் அரிது. நியமனத்தில் சில இடங்கள் உறுதி, தேர்தலில் அதுவும் போகும் என்கிறார்கள். இந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஜார்ஜ்டவுனும் ஈப்போவும் வேறு சாட்சி சொல்கின்றன. அங்கே தமிழர் வென்றது தமிழர் எண்ணிக்கையால் அல்ல, கட்சியின் கொள்கையாலும் நகரத்தொழிலாளரின் நம்பிக்கையாலும். ஒரு வட்டாரத்தில் நாம் பத்தில் இரண்டு பேராக இருந்தாலும், இழுபறியான போட்டியில் அந்த இருவரைத் தேடி எல்லா வேட்பாளரும் வருவார்கள். நியமன முறையில் அப்படி வரவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. சில இடங்களை இனவாரியாக ஒதுக்கி மீதியைத் தேர்தலுக்கு விடுவதும் நடைமுறைக்கு ஒத்ததே. உலகின் பல மன்றங்களில் இந்தக் கலப்பு முறை உண்டு.

கையில் இருக்கும் சிறு வாக்குகள்

சட்டம் மாறும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரில் பலர் இன்று அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். சொந்த வீடாக இருந்தால், 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் ஒவ்வொரு உரிமையாளருக்கும் வாக்குக் கொடுக்கிறது. பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, லிஃப்ட் குத்தகை யாருக்கு, காவலாளி நிறுவனம் எது என்பதையெல்லாம் அந்த ஆண்டுப் பொதுக்கூட்டமும் அது தேர்ந்தெடுக்கும் குழுவும் தீர்மானிக்கின்றன. கட்டண பாக்கி இருந்தால் வாக்கில்லை. உரிமையாளரில் பாதிப்பேர் வந்தால்தான் கோரம், ஆனால் அரைமணி நேரம் காத்திருந்தும் வராவிட்டால் வந்தவர்களே கோரம். இந்த ஒரு விதியால், நானூறு வீடுகளின் நிதியை முப்பது பேர் ஞாயிறு காலையில் தீர்மானித்துவிட்டுப் போகிறார்கள். அந்த முப்பதில் நம்மவர் எத்தனை பேர் என்று அவரவர் கட்டடத்தில் எண்ணிப் பார்க்கலாம். கோலாலம்பூரில் பிபிஆர் எனப்படும் மக்கள் வீடமைப்புத் திட்ட வீடுகளில் மாதம் 124 ரிங்கிட் வாடகைக்கு இருப்போருக்கு இந்த வாக்கு இல்லை. அங்கே மாநகராட்சிதான் வீட்டுக்காரர், குடியிருப்போர் சங்கமே ஒரே கருவி. லிஃப்ட் பழுதானால் பதினாறாம் மாடிக்கு அரிசி மூட்டையோடு ஏறுபவருக்கு அந்தச் சங்கத்தின் அருமை தெரியும்.

கோயில் நிர்வாகமும் அப்படியே. 1966-ஆம் ஆண்டின் சங்கச் சட்டத்தில் பதிவான கோயில் சங்கம் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கைப் பதிவதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். கணக்குக் கேட்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் திரளும் சமூகம், கோயில் பொதுக்கூட்டத்துக்கு நாற்பது பேராகச் சுருங்கிவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தலைவர் நாற்காலியை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் கோயில்களைப் பற்றி நாம் டீக்கடையில் பேசுகிறோம், கூட்டத்தில் பேசுவதில்லை. தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் இதே நிலை. பழைய தோட்டப் பஞ்சாயத்தின் குறைகளை நாம் நகரத்துக்கு எடுத்து வந்துவிட்டோம், கூடிப் பேசும் பழக்கத்தை வழியிலேயே விட்டுவிட்டோம்.

இன்னொரு கதவும் திறந்தே இருக்கிறது. ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, மன்றமே வேறு தீர்மானம் எடுக்காதவரை, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தவை. கிள்ளான், ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா மன்றக் கூட்டங்களில் பார்வையாளர் வரிசையில் தமிழ் நாளேட்டு நிருபரைத் தவிர வேறு தமிழர் உட்காருவது அபூர்வம்.

முடிவு

வரலாறு தெளிவாகவே இருக்கிறது. தோட்டத்தில் துரையும், புறம்போக்கில் அமலாக்க அதிகாரியும், தாமானில் நியமன உறுப்பினரும், கோலாலம்பூரில் டத்தோ பண்டாரும் என்று நான்கு இடங்களிலும் தமிழர் தெருவை ஆண்டவர் தமிழரின் வாக்குக்குக் கட்டுப்படாதவர். சமூகத் தலைவர் பதவியும் நியமனப் பங்கும் உதவி செய்திருக்கின்றன, உரிமை தரவில்லை. ஊராட்சித் தேர்தலை மீட்கும் கோரிக்கை சீனர் கட்சி ஒன்றின் கோரிக்கையாகவே இன்று பார்க்கப்படுகிறது. அந்தத் தேர்தல் போனதால் அதிகம் இழந்தவர்கள் தமிழர் என்பதையும், அதை மீட்கச் சொன்ன ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர் என்பதையும் நம் கட்சிகளும் சங்கங்களும் மறந்துவிட்டன.

அடுத்த பொதுத்தேர்தலில் உங்கள் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆதி நாகப்பன் ஆணையத்தின் பரிந்துரையை நிறைவேற்ற நாடாளுமன்றத்தில் வாக்களிப்பீர்களா? அதுவரை, உங்கள் கட்சி நியமிக்கும் கவுன்சிலர் ஆண்டுக்கு இருமுறை எங்கள் தாமானில் பொதுக்கூட்டம் கூட்டிக் கணக்குச் சொல்வாரா? பதில் எதுவானாலும், இந்த ஆண்டு உங்கள் அடுக்குமாடியின், கோயிலின், பள்ளியின் பொதுக்கூட்ட அறிவிப்பு வரும்போது தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு போய் உட்காருங்கள்.